முதுகை மட்டும் பார்த்தவர்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரியில் இப்போது காடி ஏறாது. 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆட்களும் சைக்கிள்களும் மோட்டர்களும் மட்டும்தான். 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய ஃபெரிகளுக்கும் 250 பேர், 50 மோட்டர் என்றுதான் கணக்கு. (கடல் தாண்டி வாசிப்பவர்களுக்கு: இங்கே மோட்டர் என்றால் இரு சக்கரம், காடி என்றால் கார்.) மோட்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் கரை வருவதற்குள் நான்கைந்து பக்கம் வாசிக்கலாம். அப்படித்தான் ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நாவலை மூன்றாவது முறையாக முடித்தேன். இம்முறை வாசித்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை. வீட்டில் ஒரு சண்டை. காடிக்கு முன்பணம் கட்டியாயிற்று, மோட்டரை வித்துடு என்கிறார் அம்மா. விற்காதே என்கிறார் அப்பா.

மோட்டர் பெரிதா காடி பெரிதா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் பிர்ஸிக்கின் ஒரு பத்தியில்தான் வந்து நிற்கும். நாவல் தொடங்கியதுமே அது வந்துவிடுகிறது. காடிக்குள் நீங்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கிறீர்கள், கண்ணாடி வழியாகப் பார்ப்பதெல்லாம் இன்னொரு டிவி நிகழ்ச்சிதான், மோட்டரில் அந்தச் சட்டகம் கிடையாது, காலுக்குச் சில அங்குலம் கீழே ஓடும் சிமெண்ட் ரோடு நிஜமான ரோடு என்கிறார். பல்கலைக்கழக ஹாஸ்டலில் ஒரு சீனியர் கொடுத்து முதல்முறை வாசித்தபோது அந்தப் பக்கத்தை முடித்த கையோடு கேமரன் மலைக்குக் கிளம்பிவிடலாம் போலிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பத்தி இன்றைக்கும் வேலை செய்கிறது. பாலத்தில் சேற்று வாடையோடு உப்புக்காற்று மூக்கில் ஏறும்போது, ஏசி போட்டுக்கொண்டு பக்கத்தில் போகிறவருக்கு இது தெரியாது என்று ஒரு சின்னத் திமிர் எனக்கும் வரும்.

இரண்டாவது முறை வாசித்தபோது வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எரிச்சலாக இருந்தது. பிர்ஸிக் 1968 கோடையில் மினியாபொலிஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது விடுமுறைப் பயணம். பிழைப்புக்குக் கணினிக் கையேடு எழுதிக்கொண்டிருந்தவர். பெட்டி பிடிக்கவில்லை என்று வெளியே வர முடிந்தவரால்தான் பெட்டியைப் பற்றி அப்படி எழுத முடியும். மாக் மண்டினில் வளர்ந்தவனுக்கு மோட்டர் என்றால் காலை ஆறரைக்குத் தொழிற்பேட்டை ரோட்டில் லோரிகளுக்கு நடுவே நெளிந்து போகும் கூட்டம். ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு, கூடையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போகிறவர்கள். அவர்களில் எவரும் காடியை மறுத்துவிட்டு மோட்டரைத் தேர்ந்தவர் இல்லை. ஆகவே பிர்ஸிக்கின் பரவசம் வசதி படைத்தவனின் பரவசம் என்று முடிவுகட்டி, அதை ஒரு கட்டுரையாகவும் எழுதத் தொடங்கினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

கெடுத்தது அப்பா. எங்கள் அப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். இருபது வருஷம் ஒரே ஹோண்டா இஎக்ஸ்5, 100 சிசி. (பிர்ஸிக் ஓட்டிய 305 சிசி ஹோண்டா இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பாவின் இஎக்ஸ்5 பழைய இரும்புக்குப் போனது.) என் கட்டுரையின் வாதத்தை அவரிடம் சொன்னேன். உங்களுக்கெல்லாம் வேறு வழியில்லாமல்தான் மோட்டர், அதைப் போய் விடுதலை என்று பாடுகிறார்கள் என்றேன். சிரித்தார்.

"யாருடா சொன்னா வழியில்லன்னு? செகண்ட் ஹேண்ட் சாகா வாங்கக் காசு இருந்துச்சு. உங்கம்மாவும் கேட்டா. நான்தான் வாங்கல."

"ஏம்ப்பா?"

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப அந்த இருவது நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அதுக்குத்தான்."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே இன்னொன்றும் சொன்னார். எனக்கு ஒன்பது வயதில், சுங்கை பட்டாணியில் பாட்டி வீட்டுக்குப் போகிற வழியில், கெப்பாளா பத்தாஸ் தாண்டி ஒரு வளைவில் விழுந்தோம். என் இடது முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. லோரி கொட்டிவிட்டுப் போன மணல் என்பதுதான் பத்தொன்பது வருஷமாக வீட்டில் சொல்லப்படும் கதை. "மணல் இருந்துச்சு, பொய் இல்ல. ஆனா நான் வேகமாத்தான் போனேன். அந்த வளைவு எனக்குப் பிடிக்கும்."

என் கட்டுரை அங்கேயே செத்தது. தொழிலாளிக்குச் சிலிர்ப்பு கிடையாது, கட்டாயம் மட்டும்தான் என்று எழுதுவதும் ஒரு மேட்டிமைதான் போலிருக்கிறது. பிர்ஸிக்கிடம் இருந்தது அப்பாவிடமும் இருந்திருக்கிறது, எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வளைவில் சிலிர்ப்பு அப்பாவுடையது, தழும்பு என்னுடையது. மூன்றாவது வாசிப்பு இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

பிர்ஸிக்கின் பின்சீட்டில் ஒருவன் இருக்கிறான், பதினோரு வயது மகன் கிறிஸ். முதலிரண்டு வாசிப்புகளில் அவன் எனக்கு ஒரு தொந்தரவாகவே பட்டான். வயிறு வலிக்கிறது என்கிறான், அழுகிறான், மலை ஏறும்போது முரண்டு பிடிக்கிறான். தத்துவம் சூடுபிடிக்கிற நேரமாகப் பார்த்து இவன் வந்துவிடுவான். இம்முறை அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். புத்தகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. சட்டகம் இல்லை, எல்லாம் நேரடி என்று அப்பா எழுதுகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவனுக்கு மூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் நேரே தெரிவது அப்பாவின் முதுகு. காடியில் போயிருந்தால் அவனுக்கு ஒரு ஜன்னலாவது கிடைத்திருக்கும்! ரோடு எப்போது வளையும், அப்பா எப்போது பிரேக் பிடிப்பார், எதுவும் அவனுக்கு முன்கூட்டித் தெரியாது. உடம்பால் மட்டும் தெரிந்துகொள்ளலாம், அதுவும் நடந்த பிறகு. போதாததற்கு அந்த அப்பா ஒருமுறை மனம் பேதலித்து மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்று வந்தவர், பழைய தன்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பவர். பையனுக்கு அதுவும் அரைகுறையாகத் தெரியும்.

பிர்ஸிக் இதை அறியாமல் எழுதிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நாவலின் கடைசியில் கிறிஸ் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்க்கிறான். இத்தனை நாளும் பார்க்க முடியாமல் இருந்தது அப்போதுதான் அப்பாவுக்கே உறைக்கிறது. நானூறு பக்கம் தரம், தரம் என்று விவாதித்த ஆள் ஒரு சீட்டின் உயரத்தைக் கவனிக்கவில்லை. புத்தகத்தின் ஆகச்சிறந்த இடம் எனக்கு அதுதான், கண்ணாடிப் பத்தி இல்லை. ஆனால் அந்த முடிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த மாநிலத்தில் அப்போது கட்டாயமில்லை. கத்தாமல் பேசிக்கொள்ள முடிகிறது, காற்று முகத்தில் படுகிறது. நாவலாக அது மிக அழகான முடிவு. பொறியாளனாக வாசிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. முடிவெடுத்தது யார், தலை யாருடையது? (கிறிஸ் ரோட்டில் சாகவில்லை. 1979-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழிப்பறியில் குத்திக் கொல்லப்பட்டான். பிந்தைய பதிப்பின் பின்னுரையில் பிர்ஸிக் அதை எழுதியிருக்கிறார். அதை வாசித்தவர்களுக்கு அந்த முடிவு பழைய மாதிரி இருக்காது.)

நம் சினிமாவுக்கு வருகிறேன். தமிழில் மோட்டரை ஒரு பொருளாக மதித்து எடுக்கப்பட்ட படம் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' (2007) என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இங்கே அதற்கு ஒரு தனி மவுசு உண்டு, ரீமிக்ஸ் பாட்டில் நம்ம யோகி பி குரல் இருந்ததால். அப்பா கொடுத்த பணத்தில் தனுஷ் பல்சர் வாங்குகிறார். அதன் பிறகு வேலை வருகிறது, காதல் கைகூடுகிறது, வீட்டில் மரியாதை வருகிறது. பைக் திருடு போனதும் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. வேலையில்லாத ஒருவனின் உடம்புக்கும் சமூகத்துக்கும் நடுவே ஓர் இயந்திரம் எப்படி நிற்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் நம்மிடம் குறைவு. வெற்றிமாறனுக்கு அந்தப் பைக்கின் மதிப்பு தெரியும். பயம்தான் தெரியவில்லை, அல்லது அவருக்கு அது தேவைப்படவில்லை. ஆபத்தெல்லாம் கிஷோரிடமிருந்தும் டேனியல் பாலாஜியிடமிருந்தும்தான் வருகிறது. மழையிலிருந்தோ மணலிலிருந்தோ லோரியின் மறைகோணத்திலிருந்தோ ஒன்றும் வருவதில்லை.

அந்த ஒரு படத்தின் குறையாக இதைச் சொல்லவில்லை. தமிழ் சினிமாவில் பைக்கில் போகிறவனை லோரி அடித்தால் அந்த லோரியை யாரோ அனுப்பியிருப்பார்கள். தற்செயல் என்பதே அங்கே கிடையாது. 2019-இல் சசி எடுத்த 'சிவப்பு மஞ்சள் பச்சை' ஒரு டிராஃபிக் போலீசையும் ஒரு ரேஸ் பையனையும் மச்சான்களாக்கி எதிரெதிரே நிறுத்தியது. அடடா, இதோ வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதியில் வில்லன் வந்துவிட்டான். தற்செயலை நேருக்கு நேர் பார்த்த படம் 'எங்கேயும் எப்போதும்' (2011). இரண்டு பஸ்கள், மோதல், யாரும் யாரையும் கொல்லத் திட்டமிடவில்லை. பஸ் என்பதால் இயக்குநரால் அப்படி எடுக்க முடிந்தது என்று தோன்றுகிறது. பஸ் ஓட்டுவது நாயகன் இல்லையே. பைக்கில் இருப்பவன் நாயகன், அவனை மணல் வீழ்த்தக்கூடாது. ஹெல்மெட் போட்டால் முகமும் தெரியாது.

காடிப் படம் என்றால் உடனே நினைவுக்கு வருவது 'பையா' (2010). பெங்களூரிலிருந்து மும்பை வரை கார்த்தியும் தமன்னாவும். பெரிய படம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு விஷயத்துக்காகப் பல தடவை பார்த்திருக்கிறேன். காடிக்குள் கேமராவுக்கு இருவர் முகமும் கிடைக்கிறது. அவள் தூங்குவதை அவன் பார்க்கலாம், அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியலாம். கண்ணாடிப் பெட்டி என்று பிர்ஸிக் ஏளனம் செய்தாரே, அது உள்ளே இருப்பவர்களுக்கு ஓர் அறை. மோட்டரில் காதலர்கள் எவ்வளவு ஒட்டி உட்கார்ந்தாலும் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. சைடு கண்ணாடியில் ஒரு துண்டு தெரியும். நம் பைக் பாட்டுகளில் நாயகி கண்மூடித் தோளில் சாய்ந்திருப்பாள், நாயகன் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அவள் பயந்திருந்தால்கூட அவனுக்குத் தெரிய வழியில்லை. அந்த ஷாட்டைக் காதல் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

மலாய் சினிமா இன்னும் நேரடியானது. அஹ்மாட் இதாம் 2006-இல் 'ரெம்ப்-இட்' என்று மோட்டரை வைத்து எடுத்தார், அடுத்த வருஷமே 'இம்பாக் மக்சிமா' என்று காடியை வைத்து எடுத்தார். வண்டி மாறினாலும் வேகத்தின் மேல் இருக்கும் கண் மாறவில்லை. ரெம்பிட் என்ற சொல் மட்டும் ஊருக்குள் தங்கி, ஆர்எக்ஸ்இசட் வைத்திருக்கிற எல்லாப் பையன் மேலும் ஒட்டிக்கொண்டது.

கொஞ்சம் என் தொழில் பேசிக்கொள்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரை வலது பக்கம் திருப்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும். தப்பாக அச்சாகவில்லை, முன்னால்தான். தள்ளினால் சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் போகும், மோட்டர் வலது பக்கம் சாயும், சாய்ந்தபிறகு திரும்பும். எல்லாரும் இதைச் செய்கிறோம், கேட்டால் இல்லை என்போம். 70 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 30 பாகை சாயவேண்டும். அந்த நேரத்தில் உங்களையும் உலகத்தையும் இணைப்பது உள்ளங்கையை விடச் சிறிய இரண்டு ரப்பர் துண்டுகள். சாய்வைக் கொடுப்பது இடுப்பு, அளப்பது உள்காது. அப்பாவுக்குப் பிடித்தது இதுதான் என்று இப்போது புரிகிறது. காடியில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் எல்லாம் சேர்ந்து இதை வடிகட்டிவிடுகின்றன. ஆனால் அதே வடிகட்டிதான் மோதும்போதும் வேலை செய்கிறது. காடியின் மூக்கு ஏறக்குறைய அரை மீட்டர் நசுங்கி, உங்களை மெதுவாக நிறுத்துகிறது. மோட்டரில் அந்த நசுங்கும் இடம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பாலிஸ்டரீன் நுரை. இரண்டு மூன்று சென்டிமீட்டர். பின்சீட்டில் இருப்பவனுக்கு அதோடு அப்பாவின் முதுகு.

மலேசியாவில் 2019-இல் ரோட்டில் இறந்தவர்கள் 6,167 பேர். இதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டரில் போனவர்கள். பதிவான வண்டிகளில் மோட்டர் பாதிகூட இல்லை. கண்ணாடிப் பத்தியைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் பக்கத்தில் இதையும் ஒட்டலாம். அதற்காகக் காடி என்றால் கவசம் என்றும் இல்லை. அதே 2019 ஜனவரியில் பினாங்குப் பாலத்தில் பின்னிரவில் ஒரு எஸ்யூவி இன்னொரு காடியோடு மோதித் தடுப்பை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. இருபது வயது மாணவர். இரண்டு நாள் கழித்துத்தான் மேலே எடுத்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பாலத்தில் மோட்டரில் போன நாங்கள் எல்லாரும் அந்த இடத்தில் தலையைத் திருப்பினோம். எங்களுக்கு அந்த மாதம்தான் பாலத்தில் டோல் எடுத்திருந்தார்கள்.

சிலிர்ப்பையும் ஆபத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாதா என்று கேட்டால், ஒருவர் தெரியாமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். டி. இ. லாரன்ஸ், அதாவது லாரன்ஸ் ஆஃப் அரேபியா. 'தி மின்ட்' நூலில் தன் பிரஃப் சுப்பீரியரில் ஒரு போர் விமானத்தோடு ரேஸ் விட்டதை எழுதியிருக்கிறார். வேகத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் அதற்கு மேல் ஒன்றில்லை. பிர்ஸிக்கின் தத்துவமெல்லாம் அங்கே கிடையாது, உடம்பு மட்டும்தான். 1935 மே மாதம் சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்க ஒடித்து, விழுந்து, ஆறு நாளில் இறந்தார். ஹெல்மெட் இல்லை. அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். கெய்ர்ன்ஸ் அதன்பிறகு மோட்டர் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கி, 1941-இல் ஹெல்மெட்டின் அவசியம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டனில் ஹெல்மெட் கட்டாயமானது 1973-இல். மலேசியாவிலும் அதே வருஷம். 'தி மின்ட்' அத்தியாயத்தையும் கெய்ர்ன்ஸின் கட்டுரையையும் அடுத்தடுத்து வாசிக்கவேண்டும் என்பேன். ஒன்று கைப்பிடியிலிருந்து எழுதப்பட்டது, இன்னொன்று கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து. அந்த இரண்டு சைக்கிள் பையன்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை.

தமிழில் பின்சீட்டிலிருந்து எழுதப்பட்ட ஒரு நல்ல கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை. லாரித் தொழிலுக்குப் பாலகுமாரனின் 'இரும்பு குதிரைகள்' இருக்கிறது. நமக்கோ ஆளுக்கொரு மோட்டர் இருந்தும் கதைக்குள் அது ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அப்பாவின் மழைக்கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, ரப்பர் வாடையோடு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்! எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அப்படிப் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்பாவிடம் அந்த வளைவைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டேன். விழுந்த பிறகும் வேகமாகப் போனீர்களா?

"தனியா போறப்ப போவேன். நீ இருந்தா இல்ல."

"எனக்கு வித்தியாசம் தெரியலையே."

"நீ என் சட்டையப் பிடிச்சிருப்பல்ல. எனக்குத் தெரியும்."

காடி அடுத்த வாரம் வருகிறது. மோட்டர் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. அப்பாவுக்குக் கண் சோதனைக்குத் தீவுக்குப் போகவேண்டியிருந்தது, ஃபெரியில் மோட்டரோடு போனோம். இப்போது அவர் பின்சீட்டில். நான் பிரேக் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவர் வலது கால் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்துவது எனக்குத் தெரிகிறது. இஎக்ஸ்5-இல் பிரேக் அங்கேதான் இருக்கும். வெல்டு குவேயில் இறங்கியதும் சிக்னலில் நின்றோம். ஒரு காலை ஊன்றினேன். அவரும் ஊன்றினார்.

"மெதுவாத்தானேப்பா வந்தேன்?"

"ம். முன்னாடி ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் குனிஞ்சு ஓட்டு."